குடும்பத்தில் வேறு யாருக்காவது?

1

அக்காவுக்கு இரண்டாவது குழந்தை பிறந்து பதினெட்டாவது நாள். காஞ்சிபுரத்திலிருந்து சென்னைக்குக் காரில் போயிருந்தார்கள். குழந்தைகள் அறுவை மருத்துவர் ஒரு பெண்மணி. துணியை விலக்கிப் பார்த்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டே அக்காவிடம் கேட்டிருக்கிறார்: "குடும்பத்துல வேற யாருக்காவது இந்த மாதிரி இருந்திருக்கா? உங்க பக்கம், வீட்டுக்காரர் பக்கம்?"

"இல்லைங்க டாக்டர்" என்று அக்கா சொல்லிவிட்டாள். அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பக்கத்து நாற்காலியில், ஃபிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு அம்மா உட்கார்ந்திருந்தாள். அம்மா ஒன்றும் சொல்லவில்லை.

அன்றிரவு பத்தே முக்காலுக்கு பெங்களூரில் எனக்கு போன் வந்தது. அந்த நேரத்துக்கு அம்மா கூப்பிட்டால் யாரோ போய்விட்டார்கள் என்று அர்த்தம். பயந்துகொண்டே எடுத்தேன். சாப்பிட்டியா, மழையா என்று கேட்டுவிட்டு கொஞ்ச நேரம் பேசாமலிருந்தாள். பிறகு, "டாக்டரம்மா ஒண்ணு கேட்டாங்கடா. நான் வாயத் தொறக்கல. பாப்பாவுக்கு... உனக்கு இருந்துதே, அதேதான்."

எனக்கு முப்பத்தைந்து வயது. அதைப் பற்றி அம்மாவும் நானும் பேசிக்கொண்ட முதல் வாக்கியம் இதுதான்.

எனக்கு இருந்ததன் பெயர் ஹைப்போஸ்பேடியாஸ். மூன்று வயதில் ஒரு அறுவை, நான்கில் ஒன்று, ஏழில் ஒன்று. முதல் இரண்டும் ஞாபகமில்லை. மூன்றாவதுக்குப் பள்ளியில் பத்து நாள் லீவு போட்டபோது வீட்டில் சொல்லிக்கொடுத்த பதில் 'ஹெர்னியா'. அக்காவும் இன்றுவரை அப்படியே நம்பியிருந்தாள். உண்மையான பெயரை நான் தெரிந்துகொண்டது 2008இல், இன்ஜினியரிங் ஹாஸ்டலில், ரூம்மேட் தூங்கியபிறகு லேப்டாப் வெளிச்சத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு. படித்து முடித்ததும் பிரவுசர் ஹிஸ்டரியை அழித்தேன். அப்புறம் பதினாறு வருடம் அந்தச் சொல்லைத் தேடவில்லை.

அக்கா மகனுக்காக மறுபடி தேட ஆரம்பித்தேன். இந்தக் கட்டுரை அந்த இரவுகளில் சேர்ந்தது.

2

முதலில் இது என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

தாயின் வயிற்றில் முதல் சில வாரங்களுக்கு ஆண் கருவுக்கும் பெண் கருவுக்கும் வெளி உறுப்பு ஒரே மாதிரிதான் இருக்கும். ஒரு சின்ன மேடு, அதன் அடியில் நீளவாக்கில் ஒரு பள்ளம், இரண்டு பக்கமும் மடிப்புகள். பெண்ணாக வளரும் கருவில் அந்த மடிப்புகள் திறந்தபடியே நின்றுவிடுகின்றன. ஆணாக வளரும் கருவில், சுமார் எட்டாவது வாரத்திலிருந்து பதினாறாவது வாரத்துக்குள், விதைகள் சுரக்கும் ஹார்மோனின் தூண்டுதலில் அவை அடியிலிருந்து நுனியை நோக்கி ஒன்றோடொன்று சேர்ந்து ஒரு குழாய் ஆகின்றன. சிறுநீர் வரும் குழாய் அதுதான். ஆண்கள் எல்லோருக்கும் விதைப்பையின் நடுவில் ஒரு கோடு ஓடுகிறதே, அது இப்படிச் சேர்ந்த இடத்தின் தழும்பு.

சேர்வது பாதியில் நின்றுவிட்டால், எங்கே நின்றதோ அங்கே துளை. பெரும்பாலும் நுனிக்குக் கொஞ்சம் கீழே நின்றிருக்கும். அது லேசான வகை, சிலருக்கு அறுவையே தேவைப்படாது. துளை குறியின் அடிப்பகுதியிலோ, விதைப்பையிலோ, அதற்கும் பின்னாலோ இருந்தால் அது தீவிர வகை. அதோடு குறி கீழ்நோக்கி வில்போல வளைந்திருக்கும். முன்தோல் மேல்பக்கம் மட்டும் குல்லாய் மாதிரி நிற்கும். ஒரு விதையோ இரண்டுமோ கீழே இறங்காமலும் இருக்கலாம். எல்லா வகையும் சேர்த்தால் இருநூறு முந்நூறு ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு இது இருக்கிறது. தீவிர வகை அதில் ஒரு சிறு பங்கு. எனக்கும் அக்கா மகனுக்கும் வந்தது அந்தச் சிறு பங்கு.

காரணம்? பெரும்பாலான குழந்தைகளுக்குப் பிடிபடுவதில்லை. எடை குறைந்து பிறக்கும் குழந்தைகளிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் இன்னொருவருக்கு வரும் வாய்ப்பு கூடுகிறது, அது அம்மா வழியாகவும் வரலாம், அப்பா வழியாகவும் வரலாம். டாக்டர் கேட்ட கேள்வி சம்பிரதாயக் கேள்வி அல்ல.

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவிலும் இதற்கு ஒரு காரணம் வைத்திருந்தார்கள். "கிரகணத்தன்னிக்கு வெளிய வந்தியா? அரிவாள்மணைய தொட்டியா?" நான் பிறந்த அன்று என் ஆயா அம்மாவிடம் கேட்ட கேள்வி. அம்மா கத்திரிக்காய் நறுக்கியிருந்தாளாம். அந்தக் கத்திரிக்காயை முப்பத்தைந்து வருடமாக மனதுக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறாள். அவளிடம் நான் எட்டாவது வாரம் பதினாறாவது வாரம் என்று விளக்கியபோது முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்ப நான் ஒண்ணும் பண்ணலயா?" என்றாள்.

3

இதற்குப் பெயர் வைத்தவர்கள் கிரேக்கர்கள். 'ஹைப்போ' என்றால் கீழே. 'ஸ்பேடன்' என்றால் கிழிசல். பெயர் வைப்பதற்கு முன்பே அரிஸ்டாட்டில், விலங்குகளின் பிறப்பு பற்றிய நூலில், கிறிஸ்துவுக்கு முன் நான்காம் நூற்றாண்டில் இதை விவரித்துவிட்டார். துளை இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமல் கீழே இருக்கும் சிறுவர்கள் உண்டு, அவர்கள் உட்கார்ந்தே சிறுநீர் கழிக்கிறார்கள், விதைகளும் மேலே ஏறியிருந்தால் பார்ப்பவர்களுக்கு ஆண் உறுப்பு பெண் உறுப்பு இரண்டும் இருப்பதாகத் தோன்றும் என்கிறார். இரண்டாயிரத்து முந்நூறு வருடங்களுக்கு முன்பே இரண்டு கேள்விகளும் வந்துவிட்டன. நின்றுகொண்டு போக முடியுமா? இது ஆணா, பெண்ணா? இந்த வரலாறு முழுக்க இந்த இரண்டு கேள்விகளைச் சுற்றித்தான் நடக்கிறது.

கி.பி. இரண்டாம் நூற்றாண்டு வாக்கில் ஹெலியோடோரஸ், அண்டில்லஸ் என்ற அறுவை மருத்துவர்கள் செய்த தீர்வு நேரடியானது. துளை நுனிக்கு வரவில்லையா, துளைக்கு அப்பால் உள்ள நுனியை வெட்டிவிடு, துளையே நுனியாகிவிடும். படித்தபோது சிரிப்பு வந்தது, உடனே வயிற்றைப் பிசைந்தது. டெஸ்ட் ஃபெயில் ஆனால் டெஸ்டையே டெலிட் செய்கிற ஜூனியர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் இந்த முறை ஏழாம் நூற்றாண்டில் ஈஜினா நகரத்துப் பவுல் தொகுத்த மருத்துவ நூலிலும் இருக்கிறது. தீவிர வகைக்கு இந்த வழி பொருந்தவே பொருந்தாது. அவர்களை அப்படியே விட்டுவிட்டார்கள்.

அடுத்த பெரிய நகர்வுக்கு ஆயிரம் வருடத்துக்கு மேல் ஆனது, அதில் இந்தியாவுக்கும் ஒரு பங்கு உண்டு. 1792 போரில் ஆங்கிலப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்பவரைத் திப்பு சுல்தானின் படையினர் பிடித்து மூக்கை அறுத்துவிட்டார்கள். புனே பக்கத்தில் ஒரு நாட்டு வைத்தியர் அவருடைய நெற்றித் தோலை, ஒரு பக்கம் ரத்த ஓட்டத்தோடு ஒட்டியிருக்கும்படி வெட்டி, திருப்பி இறக்கி, புது மூக்கு செய்தார். இது 1794இல் லண்டன் பத்திரிகை ஒன்றில் படத்தோடு வெளியானது. அதைப் பார்த்து ஜோசப் கார்ப்யூ செய்துபார்த்து 1816இல் புத்தகம் எழுதினார். உயிருள்ள தோலை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் திருப்பலாம் என்ற நம்பிக்கை ஐரோப்பாவில் பரவியது. பெர்லினில் மூக்கு அறுவைகளுக்குப் பேர்போன டீஃபன்பாக், ஹைப்போஸ்பேடியாஸிலும் கைவைத்தார். நுனியைத் துளைத்து ஒரு குழலைச் செருகி, தானாக வழி உண்டாகும் என்று காத்திருந்தார். உண்டாகவில்லை.

1846இல் ஈதர் மயக்க மருந்து வந்தது. 1867இல் லிஸ்டரின் கிருமி ஒழிப்பு முறை வந்தது. இந்த இரண்டும் இல்லாமல் ஒரு குழந்தையின் அந்த இடத்தில் மணிக்கணக்கில் நுணுக்கமாகத் தைப்பதை நினைத்துப் பார்க்கவே முடியாது. 1869இல் ஜெர்மனியில் தியர்ஷ், இதற்கு நேர்மாறான ஒரு குறைபாட்டுக்கு, அதாவது துளை மேல்பக்கம் இருப்பதற்கு, தோலைச் சுருட்டிக் குழாயாக்கும் முறையை எழுதினார். 1874இல் பாரிஸில் ஆங்கே, துய்ப்ளே இருவரும் அதைக் கீழ்ப்பக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். துய்ப்ளே வேலையைப் பிரித்துச் செய்தார். முதல் அறுவையில் வளைவை நிமிர்த்துவது. மாதக்கணக்கில் ஆறவிடுவது. பிறகு தோல்பட்டையைச் சுருட்டிக் குழாய் செய்து, கடைசியில் பழைய துளையோடு இணைப்பது.

இன்றைக்கும் தீவிர வகைக்கு அடிப்படை இதுதான்.

4

அம்மா போன் செய்த அடுத்த வாரம் ஊருக்குப் போனேன். தாத்தாவின் டிரங்குப் பெட்டியில், பழைய ஜரிகைக் கணக்கு நோட்டுகளுக்கு அடியிலிருந்து, பிளாஸ்டிக் கவரில் சுற்றிய ஒரு டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துக் கொடுத்தாள். 1993. மை மங்கியிருந்தது. என் பெயர், வயது நான்கு. வியாதியின் பெயருக்குக் கீழே 'இரண்டாம் கட்டம் - டெனிஸ் பிரவுன்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே வேண்டாம். சென்னையில் ஒன்று.

அம்மா முப்பது வருடமாக டெனிஸ் பிரவுன் என்பது ஆபரேஷன் செய்த டாக்டரின் பெயர் என்று நினைத்திருக்கிறாள். "வெள்ளக்காரரான்னு கேட்டேன், நர்ஸம்மா சிரிச்சாங்க."

டெனிஸ் பிரவுன் லண்டனின் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனையின் அறுவை மருத்துவர். 1949இல் அவர் வெளியிட்ட முறை எளிமையானது, அதனாலேயே உலகம் முழுக்கப் பரவியது. தோலைச் சுருட்டிக் குழாயாகத் தைக்க வேண்டாம். ஒரு தோல்பட்டையை இருக்கும் இடத்திலேயே விட்டு, அதன்மேல் பக்கத்துத் தோலை இழுத்து மூடிவிட்டால் போதும். புதைந்த பட்டையின் ஓரங்கள் தாமாக வளர்ந்து உள்ளே வளைந்து குழாயாகிவிடும். பாதி வேலை மருத்துவர் செய்வது, பாதி உடம்பு செய்வது.

சில நேரம் உடம்பு செய்யாது. குழாயின் வழியில் எங்காவது தையல் விட்டு ஓட்டை விழும். ஃபிஸ்டுலா என்பார்கள். இந்த அறுவைகள் எல்லாவற்றிலும், இன்றுவரை, அதிகம் பயப்படும் சிக்கல்களில் அது ஒன்று. எனக்கு ஏழு வயதில் நடந்த மூன்றாவது அறுவை அதற்குத்தான்.

இதைப் படிக்கும்போது தாத்தாவின் தறிதான் நினைவுக்கு வந்தது. காஞ்சிபுரம் பட்டில் உடம்பு ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டும் தனித்தனி ஊடை. ஒவ்வொரு இழையிலும் இரண்டையும் ஒன்றுக்குள் ஒன்று மாட்டிப் பின்னுவதற்குப் பெயர் கோர்வை. அதற்கு இரண்டு ஆள் வேண்டும். நெசவாளி ஒரு பக்கம், கரை நாடாவைத் தள்ள ஒரு பையன் மறுபக்கம். சேலை கிழிந்தாலும் கரை பிரியாது என்று ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். ஆனால் தாத்தா, முடிந்த சேலையில் முதலில் இழுத்துப் பார்ப்பது கோர்வையைத்தான். தவறு வந்தால் அங்கேதான் வரும் என்று அவருக்குத் தெரியும். அறுவை மருத்துவர்களுக்கும் பழைய குழாயும் புதுக் குழாயும் சேரும் இடத்தில்தான் கண்.

நான் பட்டு ஊர்க்காரன் என்பதால் இதையும் தேடினேன். பட்டு நூல் அறுவையில் நெடுங்காலம் ஆண்ட நூல். சுவிட்சர்லாந்தில் கோகர், அமெரிக்காவில் ஹால்ஸ்டெட் இருவரும் பட்டின் பக்கம் நின்றவர்கள். ஆனால் பட்டு உடம்பில் எளிதில் கரையாது. புதுக் குழாயைச் சுற்றித் தங்கிவிடும் நூல் அங்கேயே ஓட்டைக்குக் காரணமாகலாம். அதனால் இங்கே வேண்டியது சில வாரங்களில் தானாகக் கரைந்துபோகும் நூல். முன்பு ஆட்டுக் குடலிலிருந்தும் மாட்டுக் குடலிலிருந்தும் எடுத்த கேட்கட். இப்போது செயற்கை இழை, 0.05லிருந்து 0.07 மில்லிமீட்டர் பருமன். தைப்பவர் கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டுதான் தைக்கிறார்.

பிரவுனுக்குப் பிறகும் வழிகள் பெருகின. பிலடெல்பியாவில் ஜான் டக்கெட் 1980இல் முன்தோலின் உட்பக்கத்தை ரத்தக் குழாயோடு தீவாக வெட்டித் திருப்பி, ஒரே கட்டத்தில் குழாய் செய்யும் முறையை வெளியிட்டார். இந்தத் துறைக்கே 'ஹைப்போஸ்பேடியாலஜி' என்று பெயர் வைத்தவரும் அவர்தான். 1994இல் வாரன் ஸ்னாட்கிராஸ், இருக்கும் பட்டையின் நடுவில் நீளமாக ஒரு கீறு போட்டு அகலப்படுத்திச் சுருட்டலாம் என்றார். லேசான வகைகளுக்கு உலகம் முழுக்க அது வழக்கமாகிவிட்டது. 1995இல் இங்கிலாந்தின் ஐவர் பிராக்கா தீவிர வகைக்கு மறுபடி இரண்டு கட்டத்தையே பரிந்துரைத்தார். முதலில் வளைவை நிமிர்த்தி, முன்தோலின் உட்பகுதியையோ கன்னத்தின் உட்சவ்வையோ அங்கே பதியம் போடுவது. ஆறு மாதம் கழித்து அதைக் குழாயாக்குவது. கன்னச் சவ்வை 1941இலேயே ஹம்பி செய்து பார்த்திருந்தார், நடுவில் அரை நூற்றாண்டு யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. முன்தோல் இப்படிப் பல வகையில் உதவுவதால்தான், இந்தக் குழந்தைகளுக்கு அறுவைக்கு முன் சுன்னத் செய்யவே கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுகிறார்கள்.

மொத்தம் முந்நூறுக்கும் மேற்பட்ட முறைகள் எழுதப்பட்டிருப்பதாகச் சொல்வார்கள். என் தொழிலில் ஒரே வேலைக்கு முந்நூறு லைப்ரரி இருந்தால், எதுவும் இன்னும் சரியாக வேலை செய்யவில்லை என்று புரிந்துகொள்வோம். தீவிர வகையில் சிக்கல்கள் பல வருடம் கழித்தும், சில சமயம் பருவ வயதில் உறுப்பு வளரும்போதும், தலைகாட்டுகின்றன. முதல் வருடம் நன்றாக இருப்பது போதாது. ஆனால் டிஸ்சார்ஜ் சீட்டு என் ஏழாவது வயதோடு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு எந்த டாக்டரும் என்னைக் கேட்கவில்லை, நானும் யாரிடமும் போகவில்லை.

5

எங்கள் பக்கத்துப் பையன்கள் சாயங்காலம் மஞ்சள்நீர்க் கால்வாய் ஓரத்தில் வரிசையாக நின்று யாருடையது தூரம் போகிறது என்று பார்ப்பார்கள். நான் அந்த வரிசையில் நின்றதே இல்லை. எனக்கு நின்றுகொண்டே போக வரும். மூன்று அறுவையும் அதைச் சாதித்துவிட்டன. ஆனால் தாரை இரண்டாகப் பிரிந்து தெறிக்கும். இன்றும் ஆபீஸில் கதவு உள்ள இடத்துக்குத்தான் போகிறேன்.

நின்றுகொண்டு போவது ஏன் இவ்வளவு முக்கியம் என்று யோசித்தால் பதில் சொல்வது கஷ்டம். கடுமையான வளைவைச் சரிசெய்யாவிட்டால் பெரியவனானபின் உடலுறவு கடினம், பிள்ளை பெறுவதும் கடினம், அதனால் அது உண்மையான பிரச்சினை. துளையின் இடம் அப்படியல்ல. உட்கார்ந்து போனால் உயிர் போகாது. ஆனால் பள்ளிக்கூட டாய்லெட், கால்வாய் ஓரம், மாமனார் வீடு எல்லாம் சேர்ந்துதான் 'ஆண்' என்ற சான்றிதழைத் தருகின்றன. அறுவை மருத்துவர் அந்தச் சான்றிதழையும் சேர்த்தே தைக்க வேண்டியிருந்தது.

அரிஸ்டாட்டிலின் இரண்டாவது கேள்வி, ஆணா பெண்ணா என்பது, இருபதாம் நூற்றாண்டில் இதைவிடக் கடுமையாகத் திரும்பிவந்தது. 1955இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஜான் மணியும் ஹாம்ப்சன் தம்பதியும் ஒரு கொள்கையை எழுதினார்கள். பிறந்த குழந்தையின் உறுப்பு தெளிவாக இல்லையென்றால் சீக்கிரமே ஒரு பாலை முடிவு செய்து, அதற்கேற்ப அறுவை செய்து, சந்தேகமில்லாமல் வளர்த்துவிட்டால் குழந்தை அதுவாகவே வளரும். இதன் விளைவாக, உறுப்பு மிகச் சிறியதாக இருந்த ஆண் குழந்தைகள் சிலர் பெண்களாக ஆக்கப்பட்டார்கள். வளர்ந்த குழந்தைகளிடம் நடந்ததைச் சொல்ல வேண்டாம் என்பதும் நடைமுறையில் அதோடு சேர்ந்தே போயிற்று. அந்தக் குழந்தைகள் பெரியவர்களாகித் தங்கள் கேஸ் ஷீட்டைக் கேட்டு வந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. 1993இல் செரில் சேஸ் அமெரிக்காவில் அவர்களுக்காக ஒரு சங்கம் தொடங்கினார். 2006இல் மருத்துவர்களின் சர்வதேச ஒப்பந்த அறிக்கை, அவசர முடிவு வேண்டாம், பல துறையினர் சேர்ந்து பார்க்க வேண்டும், உண்மையை மறைக்கக் கூடாது என்று சொன்னது.

இங்கே வீட்டு ஆசை அமெரிக்காவுக்கு நேர் எதிர்த் திசை. எப்படியாவது ஆண் பிள்ளை என்று சொல்லிவிட்டால் போதும். அவசரமும் மௌனமும் மட்டும் ஒன்றே.

கைலாசநாதர் கோயிலில் அர்த்தநாரீஸ்வரர் வீணை வாசித்தபடி இருக்கிறார். பள்ளி டூரில் கூட்டிப்போய்க் காட்டுவார்கள், நாங்கள் கும்பிடுவோம். அந்தக் கோயிலிலிருந்து எங்கள் தெரு நடந்துபோகும் தூரம்தான். அங்கே 'ஹெர்னியா'.

2019 ஏப்ரல் 22 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் ஒரு தீர்ப்புச் சொன்னார். வழக்கு ஒரு கல்யாணத்தைப் பற்றியது. அருண்குமாரும் திருநங்கையான ஸ்ரீஜாவும் 2018 அக்டோபரில் தூத்துக்குடியில் கோயிலில் வைத்துத் திருமணம் செய்துகொண்டார்கள். பதிவு செய்ய அதிகாரிகள் மறுத்தார்கள். இந்து திருமணச் சட்டத்தில் உள்ள 'மணமகள்' என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்று நீதிபதி சொன்னார். அதோடு நிறுத்தவில்லை. மதுரையைச் சேர்ந்த ஊடுபால் செயல்பாட்டாளர் கோபி ஷங்கரின் பணியைக் குறிப்பிட்டு, ஊடுபால் குழந்தைகளுக்குச் செய்யப்படும் பாலினச் சீரமைப்பு அறுவைகளைத் தடை செய்து ஆணை பிறப்பிக்கும்படி தமிழக அரசுக்கு உத்தரவிட்டார். பெற்றோரின் சம்மதத்தைக் குழந்தையின் சம்மதமாக எடுத்துக்கொள்ள முடியாது என்பது அதன் மையம். அதே வருடம் ஆகஸ்ட் 13 அன்று அரசாணை எண் 355 வந்தது. உயிருக்கு ஆபத்தான நிலை தவிர அந்த அறுவைகள் கூடாது. மால்டா 2015இல் இதைச் சட்டமாக்கியிருந்தது. இந்தியாவில் முதலில் செய்தது தமிழ்நாடு.

இதைப் படித்தபோது எனக்குள் இரண்டு பேர் சண்டை போட்டார்கள். ஒருவன் கைதட்டினான். மூன்று முறை மேசையில் படுத்தும் ஒரு முறைகூடக் கேட்கப்படாதவன் அவன். இன்னொருவன் கேட்டான்: என் உடம்பில் செய்தது எந்தப் பக்கம்? பால் விஷயத்தில் சந்தேகமே இல்லாத ஒரு பையனுக்குக் குழாயைச் சரிசெய்வதும், சந்தேகமுள்ள ஒரு குழந்தையை ஒரு பக்கம் தள்ளிவிடுவதும் ஒன்றா? லேசான வகையில் பிரச்சினை இல்லை. தீவிர வகை, விதையும் இறங்கவில்லை என்றால், கோடு மங்கிவிடுகிறது. எதிர்வாதமும் வலுவானது. ஒரு வயதுக்குள் திசு நன்றாக ஆறும், குழந்தைக்கு ஞாபகம் இருக்காது. பதினாறு வயதில் அவனே முடிவு செய்யட்டும் என்றால் அந்தப் பதினாறு வருடம் அவன் எப்படிப் பள்ளிக்குப் போவான்? அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அமைப்பு 1996இல் ஆறிலிருந்து பன்னிரண்டு மாதம்வரை உகந்த காலம் என்று சொன்னதற்கும் இதுதான் பின்னணி.

ஞாபகம் இருக்காது என்பதை மட்டும் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. எனக்கும் முதல் இரண்டும் ஞாபகமில்லை. ஆனால் தினமும் நான்கைந்து முறை அந்தத் தழும்பைப் பார்க்கிறேன். தழும்பு இருந்தது, அதற்கான கதைதான் இல்லை. கதை இல்லாத இடத்தில் ஒரு பையன் தானே ஒன்றை எழுதிக்கொள்வான். நான் எழுதிக்கொண்டது: ஏதோ வெட்கக்கேடானது நடந்திருக்கிறது, அதற்குக் காரணம் நான்.

இரண்டாயிரம் வருடத்தில் கத்தி, மயக்க மருந்து, நூல், பூதக்கண்ணாடி எல்லாம் மாறிவிட்டன. அந்தப் பையனிடம் எப்படிச் சொல்வது என்பதற்கு முப்பது வருடமாகத்தான் யாரோ யோசிக்கிறார்கள்.

6

அக்காவிடம் சொல்ல எனக்கு ஒரு மணிநேரம் ஆனது. குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே கேட்டாள். முடித்ததும், "ஹெர்னியான்னு நான் ஸ்கூல்ல உனக்காக லீவ் லெட்டர்லாம் குடுத்தேனேடா" என்றாள். அப்புறம், "வலிச்சுதா?"

"மூணாவது வலிச்சுது."

அடுத்த முறை டாக்டரிடம் நானும் போனேன். அதற்குள் முதல் பரிசோதனைகள் முடிந்திருந்தன. எதற்கு இத்தனை என்று மாமா சலித்துக்கொண்டார். டாக்டர் விளக்கினார்: இவ்வளவு தீவிரமாக இருந்து விதைகளும் கைக்குத் தட்டுப்படவில்லை என்றால், அது அட்ரீனல் சுரப்பிக் கோளாறு உள்ள ஒரு பெண் குழந்தையாகவும் இருக்கலாம். அந்தக் கோளாறில் உடம்பிலிருந்து உப்பு வெளியேறி, சில வாரங்களிலேயே உயிருக்கு ஆபத்தாகலாம். அதனால் அறுவைக்கு முன்னால் ரத்தம், ஸ்கேன், குரோமோசோம். நம் குழந்தைக்கு ஒரு விதை கைக்குத் தெரிகிறது, இன்னொன்று மேலே இருக்கிறது. உப்பு அளவு சரி. குரோமோசோம் 46, எக்ஸ்ஒய். பயப்பட ஒன்றுமில்லை, அவசரப்படவும் ஒன்றுமில்லை.

"அப்ப எப்ப பண்றது?" என்றார் மாமா. "ஒரு வயசுக்கு மேல பார்க்கலாம், ரெண்டு கட்டமா. வளைவுக்குக் கட்டாயம் தேவைப்படும். மத்ததப் பத்தி நிதானமாப் பேசுவோம். நீங்க எல்லாருமே யோசிங்க" என்றார்.

பிறகு நான் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னேன். "மேடம், போன தடவ நீங்க ஒண்ணு கேட்டீங்க. குடும்பத்துல வேற யாருக்காவதுன்னு. எனக்கு இருந்துது."

அவர் பேனாவை எடுத்தார். எந்த வகை, எந்த வருடம், எத்தனை அறுவை என்று கேட்டார். டிஸ்சார்ஜ் சீட்டை நீட்டினேன். வாங்கிப் படித்துவிட்டு, என்னைப் பார்த்து, "இப்ப எப்படி இருக்கு? யூரின் போறப்ப சிரமம் ஏதாவது?" என்று கேட்டார்.

ஏழு வயதுக்குப் பிறகு ஒரு டாக்டர் அதைக் கேட்டது அன்றுதான். ஒரு நிமிடம் எனக்குப் பேச்சு வரவில்லை. அம்மா பக்கத்திலிருந்து, "தெறிக்கும்னு நெனைக்கிறேன் டாக்டர். கதவ சாத்திக்கிட்டுதான் போவான்" என்றாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

பெரியவர்களுக்கான யூராலஜிஸ்ட் ஒருவரை எனக்கு எழுதிக்கொடுத்தார். அக்கா ஒரு கெட்டி ஃபைல் வாங்கியிருக்கிறாள். குழந்தையின் ரிப்போர்ட் எல்லாம் தேதிவாரியாக அதில், அவன் பெயர் எழுதி. டிரங்குப் பெட்டிக்குள் இல்லை, ஹால் அலமாரியில். கேட்கத் தெரிந்த வயதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்வது என்று அவளும் மாமாவும் முடிவு செய்திருக்கிறார்கள். முதலில் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை, நீதான் சொல்லித்தரணும் என்கிறாள். எனக்கும் தெரியாது.

ஆடி முடிந்ததும் அவனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில்தான் உட்கார்த்துவார்கள். அவனைக் கேட்காமல் அவன் உடம்பில் போடப்போகும் முதல் துளை என் மடியில். அதை அக்காவிடம் சொன்னேன், சிரித்துவிட்டு, "வாய வச்சிக்கிட்டு சும்மா இரு" என்றாள்.

டாக்டர் எழுதிய கேஸ் ஷீட்டின் போட்டோ என் போனில் இருக்கிறது. குடும்ப வரலாறு என்ற இடத்தில் முதல் தடவை 'இல்லை' என்று எழுதி இருந்ததை ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் எழுதியிருக்கிறார்: தாய்மாமன்.